எறும்புக்கு வைத்த பெயர்

ஓடிப்போனாளாம்! யார் பார்த்தது? தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு வாயைத் திறக்கிறவர்களில் ஒருத்தியாவது, அவள் ஓடியதைக் கண்ணால் பார்த்தேன் என்று என் முன்னால் வந்து சொல்லட்டும். என் மருமகள் செல்வாம்பாள் ஓடவில்லை. பட்டப்பகலில், வாசல் வழியாக, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, நடந்து போனாள். அப்போது வாசலில் நின்றவள் நான்.

நேற்றுகூட எதிர்வீட்டுத் தனக்கொடி ஆரம்பித்தாள்.

“என்னா இருந்தாலும் அஞ்சலாட்சிக்கா, வெள்ளக்காரனோட போனவள இப்புடித் தாங்கிப் பேசுறது ஊருலயே நீ ஒருத்திதான்.”

“அந்த வெள்ளக்காரன் இப்ப எங்கடி இருக்கான்?”

“எனக்கு என்னா தெரியும்? பாரிசுல இருப்பான்.”

“உப்பளம் கல்லறையில இருக்கான். இவ போன அந்த மாசமே செத்துட்டான். செத்தவன்கூட எங்கடி குடும்பம் நடத்துவா? சவப்பொட்டிக்குள்ளயா?”

“சரி, அத வுடு. எறும்பக் கொன்ன பாவம்? அதுக்கு என்னா சொல்ற?”

“அவ கொன்னத நீ பாத்தியா?”

“கொல்லாமத்தான் ஊசியில குத்துனாளா?”

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். குழாயடியில் நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. எனக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். எதையும் மெழுகி எழுதாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

செல்வாம்பாள் பாகூர்ப் பக்கத்துப் பெண். பயிர் வைக்கிற குடும்பம். என் மகன் கன்னியப்பன் மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்த நாளில் கட்டிக்கொண்டு வந்தோம். வந்த மறுவருஷமே முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துபோனது. அப்போது அவள் எறும்பைச் சர்க்கரை டப்பாவில் பார்த்திருப்பாளே தவிர வேறு எங்கும் பார்த்ததில்லை. ஊரார் இதை மறந்துவிடுகிறார்கள். நான் மறக்கமாட்டேன்.

எமர்ஜென்சி முடிந்து எலெக்‌ஷன் வந்த வருஷம் மில்லில் கலாட்டா. கேட்டைப் பூட்டுவார்கள், திறப்பார்கள், மறுபடி பூட்டுவார்கள். கன்னியப்பன் சங்கு ஊதுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான். எங்கள் தெரு கலியபெருமாள் கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் குசினிக்காரர், அதாவது சமையல்காரர். அந்த வீட்டைப் பெருக்கித் துடைக்க ஆள் வேண்டும் என்று வந்து சொன்னார். செல்வாம்பாள் போனாள்.

அந்த வீட்டுக்காரர் பெயர் காஸ்தோன். முசே காஸ்தோன் என்பார்கள். நாம் ஐயா என்பது போல அவர்களுக்கு முசே. வெள்ளைக்காரன் என்று தனக்கொடி சொல்கிறாளே, அவர் இந்த ஊரில் பிறந்தவர்தான். தாத்தா காலத்துக் கலப்பு. நம்மைப் போலத் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சு. இளவயசில் மடகாஸ்கர் தீவில் காட்டு இலாகாவில் வேலை பார்த்தவர். அவர் பெண்சாதி, மதாம், அங்கேயே செத்துப்போய்விட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. அந்தத் தீவிலிருந்து அவர் கொண்டுவந்தது எல்லாம் எறும்பு.

நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. செல்வாம்பாள் வந்து சொன்னபோது அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டேன்.

“எறும்பா? இங்க இல்லாத எறும்பா?”

“இங்க இல்லாததுதான் அத்த. அந்தத் தீவுல மட்டுந்தான் இருக்குமாம். ஒரு மரத்துல இருக்கறது அடுத்த மரத்துல இருக்காதாம். விரக்கட்ட நீளத்துக்குக் கண்ணாடிக் குப்பி, குப்பி நெறைய ஸ்பிரிட்டு, அதுக்குள்ள செத்த எறும்பு. அலமாரி அலமாரியா வெச்சிருக்காரு. அலமாரிக் காலுக்கெல்லாம் நம்ம மாதிரியே தண்ணிக் கிண்ணம்.”

“எதுக்குத் தண்ணி?”

“உசுரோட இருக்கற எறும்பு ஏறாம இருக்க!”

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

முசேக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. எறும்பைப் பிடிக்கப் போனால் இடுக்கி அதன் தலையைக் கிள்ளிவிடும். பெருக்க வந்தவளின் கையைப் பார்த்தவர், பூ கட்டுவாயா என்று கேட்டாராம். கட்டுவேன் என்றாள். உட்காரவைத்துவிட்டார். வேலை இதுதான். குப்பியிலிருந்து எறும்பை எடுத்துக் காயவைக்க வேண்டும். முக்கோணமாக வெட்டிய காகிதத்தின் நுனியில் கடுகில் பாதி அளவு பசை தொட்டு, எறும்பின் நெஞ்சை அதில் ஒட்ட வேண்டும். ஊசி காகிதத்தில்தான் குத்தும், எறும்பில் குத்தாது. இதைத் தனக்கொடிக்கு எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். பிறகு அதைத் தக்கை பரப்பிய மரப்பெட்டியில் நட்டு, கண்ணாடி மூடி போட்டு, பூச்சி அரிக்காமல் இருக்க மூலைக்கு ஒரு அந்துருண்டை வைக்க வேண்டும்.

ஆரம்பத்தில் பசையை அதிகமாக வைத்து எறும்பையே மூழ்கடித்துவிட்டாள். முசே பிரெஞ்சில் கத்துவாராம். இவள் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி ஒட்டுவாள். கொஞ்ச நாளில் பிரித்து வைக்கவும் சொல்லிக்கொடுத்தார். எறும்புக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடுப்பு உண்டு. அதில் முடிச்சு இருக்கும். சிலதுக்கு ஒற்றை முடிச்சு, சிலதுக்கு இரட்டை முடிச்சு. முதலில் அதை வைத்து இரண்டு கூறு. அப்புறம் தாடையில் எத்தனை பல், முதுகில் முள் உண்டா, மீசை எத்தனை கணு, இப்படிப் பிரித்துக்கொண்டே போவார்கள். முசே வாயில் நுழையாத பெயர்களாகச் சொல்வார். இவள் ஒற்றை முடிச்சுக்காரி, கொண்டைக்காரி, கட்டைமீசை என்று வைத்துக்கொள்வாள். அவரும் சிரித்துக்கொண்டே, “அந்தக் கட்டைமீசப் பொட்டிய எடு” என்பாராம்.

அந்த வேலையில் இருக்கும்போதுதான் மறுபடியும் முழுகாமல் ஆனாள். பெண் பிறந்தது. சுகமாகப் பிறந்தது. எறும்பு பாவம் என்கிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறந்த அன்றைக்கே தனக்கொடி வந்துவிட்டாள். “மொதலு தங்காத வூட்டுல இதுக்குப் பகட்டாப் பேரு வெக்காதீங்க. குப்பையில பொரட்டி எடுத்து, நாந் தவுட்டுக்கு வாங்கிக்கிட்டு மறுபடி தரேன். குப்பம்மான்னு கூப்புடுங்க. எமன் திரும்பிப் பாக்கமாட்டான்.”

தவிட்டுக்கு வாங்குவது நம்மிடம் உள்ள வழக்கம்தான். தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“எம் பொண்ணு குப்பையில பொரளமாட்டா தனக்கொடிக்கா. தையல்நாயகின்னு வேண்டிக்கிட்டேன். தையல்நாயகின்னுதான் கூப்புடுவேன்.”

கன்னியப்பனுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. தையலு, தையலு என்று தோளில் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுவான். மில் பூட்டிக் கிடந்ததால் பகலெல்லாம் குழந்தை அவனிடம்தான். ஒரு தகப்பன் இப்படிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டதை நான் எந்த வீட்டிலும் கண்டதில்லை. இதையும் எழுதிக்கொள். நாளைக்கு என் மகனை ராட்சசன் என்று யாரும் சொல்லக் கூடாது.

பல் முளைக்கிற பருவம். தவழ்ந்து போய் எதையும் பிடித்து நிற்கும். காய்ச்சல் வந்தது. மாந்தம் என்று கைவைத்தியம் பார்த்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஊசி போட்டார்கள். விடியும்போது உடம்பு குளிர்ந்து கிடந்தது. கன்னியப்பன் துண்டில் சுற்றித் தானே தூக்கிக்கொண்டு போனான். யாரையும் தொடவிடவில்லை.

பல் முழுக்க முளைக்காத குழந்தைக்கு நம்மிடம் என்ன உண்டு? ஒன்றும் கிடையாது. புதைப்பதோடு சரி. காரியம் கிடையாது, திதி கிடையாது, படையல் கிடையாது. போட்டோகூட எடுத்திருக்கவில்லை. நடந்து பழகட்டும், எடுக்கலாம் என்று இருந்தோம். அதோடு பெயரையும் எடுத்துவிட வேண்டும். போன குழந்தையின் பெயரை வீட்டில் சொன்னால் அடுத்தது தங்காது என்பார்கள். கன்னியப்பன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். “இந்த வூட்டுல இனிமே அந்தப் பேரு காதுல வுழக் கூடாது.” தூளி கட்டிய கயிற்றையும் அவிழ்த்துக் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டு வந்தான்.

பத்து மாதம் சுமந்து பெற்றவளுக்குப் பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வீட்டில் இடமில்லை. தீட்டுக் கழிந்ததும் அவள் வேலைக்குப் போய்விட்டாள். முசே வீட்டில் சொல்லலாம். அங்கே யாரும் தடுக்கமாட்டார்கள். ஒட்டிக்கொண்டே தையலு அப்படிச் செய்தாள், இப்படிச் சிரித்தாள் என்று சொல்வாளாம். கிழவர் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாராம். கலியபெருமாள்தான் எனக்குச் சொன்னார்.

குழாயடியில் பேச்சு அப்போதுதான் முளைத்தது. “நாமெல்லாம் அரிசிமாவுல கோலம் போட்டு எறும்புக்குச் சோறு வெக்கிறோம். இவ அதுங்கள அறைஞ்சி வெக்கிறா. வவுத்துல எப்புடித் தங்கும்?” என்றாள் தனக்கொடி. செல்வாம்பாள் நின்று கேட்டாள்.

“எறும்பு பாவந்தான்னா, மொதல்ல கலைஞ்சது யாரு பாவம் தனக்கொடிக்கா? நீ மதியத்துல உக்காந்து பேன் குத்துறியே, அதா?”

குழாயடியே சிரித்தது. தனக்கொடி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அதை மனசில் வைத்துக்கொண்டாள். கன்னியப்பன் வெற்றிலை வாங்க, பீடி வாங்க என்று போகிற இடமெல்லாம் அவன் காதில் போட்டாள். ஊதாத சங்குக்குக் காத்திருக்கிறவனுக்குக் காதைத் தவிர வேலை செய்கிற உறுப்பு வேறு என்ன இருக்கிறது?

ஒரு நாள் சாயங்காலம் செல்வாம்பாள் வந்த நடையே வேறு மாதிரி இருந்தது. கால்கூடக் கழுவாமல் நேரே அடுக்களைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அத்த, ஒண்ணு சொன்னா யாருகிட்டயும் சொல்லமாட்டீங்களே?”

“சொல்லு.”

“தையலு பேரு புத்தகத்துல வரப்போவுது.”

தேன் நிறத்தில் ஒரு எறும்பாம். முதுகில் இரண்டு முள், ரோஜாச் செடியில் இருக்கிற மாதிரி. அந்தத் தீவில் ஒரு மலையில், உளுத்துப்போன ஒரு கட்டைக்குள் கிடைத்தது. ஒரு கையில் எண்ணிவிடலாம், அவ்வளவுதான் இருந்தது. முசே புத்தகம் புத்தகமாகத் தேடிப் பார்த்துவிட்டு, இதற்கு இதுவரைக்கும் யாரும் பெயர் வைக்கவில்லை, நான் பாரிசு மியூசியத்துக்கு எழுதப்போகிறேன் என்றாராம். “பேரு நீ சொல்லு” என்றாராம்.

“நான் யோசிக்கவே இல்ல அத்த. வாயில வந்துடுச்சி. அவரு பிரெஞ்சுல எழுதிக்கிட்டு, இனிமே ஒலகம் இருக்கற வரைக்கும் இதுக்கு இதான் பேருன்னாரு. யாரும் அழிக்க முடியாதாம். ஆனா எறும்பு பத்திரமா இருக்கணுமாம். எழுதுன தாளு மட்டும் போனாப் பத்தாது. இதுக்குத்தான் இந்தப் பேருன்னு எந்தக் காலத்துல யாரு கேட்டாலும் பொட்டியத் தொறந்து காட்டணுமாம். எறும்பு இல்லன்னா பேரும் இல்லையாம்.”

“ஒண்ணு ஒடைஞ்சிபோனா வேற புடிச்சிக்க மாட்டாங்களா?”

“அந்த மலையில இப்பக் காடே இல்ல அத்த. எரிச்சிட்டு நெல்லுப் போட்டுட்டாங்களாம். இருக்கறது இதான்.”

எனக்கு அதெல்லாம் முழுக்கப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். எறும்புக்கு மனுஷப் பெயரா என்றுகூட இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். குழந்தை போனதிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. “நல்லதும்மா” என்றேன்.

கட்டினவனிடம் மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. சோறு போடும்போது சொல்லிவிட்டாள். கன்னியப்பன் கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

“எறும்புக்கா? எம் பொண்ணு பேர எறும்புக்கா வெச்ச?”

“வேற எங்க வெக்கச் சொல்ற? இந்த வூட்டுலதான் வெக்க எடமில்லையே.”

வாசலில் போய் உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தான். அவனுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று பெற்ற எனக்குத் தெரிந்தது. மறுநாளே அது குழாயடிக்குப் போய்விட்டது. சுவருக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, தனக்கொடிக்கு இருக்கிறது.

“தம்பி, நல்லாக் கேட்டுக்க. செத்த புள்ள அதே வவுத்துல வந்து பொறக்கும். அதான் வழக்கம். இவ அது பேரக் கொண்டுபோயி எறும்புமேல கட்டிட்டா. உசுரு அங்க ஒட்டிக்கிட்டு நிக்குது. எப்புடித் திரும்பி வரும்?”

இதற்கு முன்னால் அவள் சொன்னதெல்லாம் பாவம், சாபம். அதையெல்லாம் கன்னியப்பன் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தான். இது வேறு. பெண் திரும்பி வருவாள், ஆனால் கட்டிப்போட்டிருக்கிறது என்றால் எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்? நோணாங்குப்பத்துப் பக்கம் குறி சொல்கிற ஒரு பொம்பளையிடம் போனான். அவள் வெற்றிலையில் மை தடவிப் பார்த்துவிட்டு, “கட்டி வெச்சதுங்க வயிறு காஞ்சி கெடக்குதுங்க. வாய்க்கு எட்டுற மாதிரி இனிப்பு வெச்சிப் படை. தின்னுட்டு வுட்டுடும்” என்றாளாம். இதெல்லாம் அவன் அப்போது எங்களிடம் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு சொன்னான்.

அந்த வருஷம் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. முசே வீடு பழைய மெத்தை வீடு. அலமாரி வைத்திருந்த அறையில் மேலே ஒழுக ஆரம்பித்தது. கிழவருக்கும் மார்ச்சளி முற்றி மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போகும்போது செல்வாம்பாளைக் கூப்பிட்டு, பாரிசுக்குப் போக வேண்டிய பெட்டிகளை மட்டும் நனையாத இடத்தில் வைத்திரு, எழுந்து வந்ததும் அனுப்பிவிடலாம் என்றாராம். எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தாள். மழைத்தாள் சுற்றி, ரிக்‌ஷாவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். தேன்நிற எறும்பு இருந்த பெட்டியும் அதில் ஒன்று.

கூடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய பால் டின்னுக்குள் நிறுத்தி, மேலே பெட்டிகளை அடுக்கினாள். மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் எறும்பு சாரை சாரையாகப் போகும். தண்ணீர் வற்றாமல் காலையும் மாலையும் பார்த்து ஊற்றினாள்.

கன்னியப்பன் அந்தப் பெட்டிகளை ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான். எனக்கு அது அதிசயமாக இருந்தது. அவளுக்கும் நிம்மதியாக இருந்தது. ஒரு நாள் டின்னில் தண்ணீர் குறைந்திருந்தபோது அவனே ஊற்றினான்.

ஆயுத பூஜை வந்தது. நான் கதிர்காமத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்களுக்கு மாவு மெஷின், பூஜை பெரிதாகச் செய்வார்கள். கலியபெருமாள் பூஜைக்குத் தன் வீட்டுக்குப் போய்விட்டதால் ஆஸ்பத்திரியில் முசேக்குத் துணையாக அன்று இராத்திரி செல்வாம்பாள் இருந்தாள். அந்த ஒரு இராத்திரியைத்தான் ஊர் இன்றைக்கும் வாயில் போட்டு மெல்லுகிறது. மூச்சுவிட முடியாமல் தலையணையில் சாய்ந்து கிடந்த கிழவரைப் பார்த்துக்கொள்ளப் போனவளைப் பற்றி!

வீட்டில் கன்னியப்பன் தனியாக இருந்தான். மில் ஓடின காலத்தில் ஆயுத பூஜை என்றால் அவன் தறியைத் துடைத்துச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலையோடு வீட்டுக்கு வருவான். இப்போது சந்தனம் வைக்கத் தறி இல்லை. அவன் ஸ்டூலிலிருந்து பெட்டிகளை இறக்கினான். சாமி படத்துக்கு முன்னால் தரையில் வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டான். தானே சர்க்கரைப் பொங்கல் பொங்கினான். நெய் விட்டு, வெல்லம் தாராளமாகப் போட்டு இலையில் வைத்தான். வாய்க்கு எட்டுகிற மாதிரி என்று குறிகாரி சொன்னாளே, அதற்காகக் கண்ணாடி மூடிகளைத் திறந்தான். செத்த எறும்புகள் சாப்பிட. அந்துருண்டை வாடை சாமிக்கு ஆகாது என்று அவற்றைப் பொறுக்கி வெளியே போட்டான். கற்பூரம் காட்டி விழுந்து கும்பிட்டான். பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். திறந்தபடியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தி வாசலில் படுத்தான்.

மறுநாள் காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் வரும்போது செல்வாம்பாளும் அந்தப் பக்கமிருந்து வந்தாள். முசேக்கு மூச்சு கொஞ்சம் தேவலை என்றாள். எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். தனக்கொடி கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றாள்.

உள்ளே போனோம்.

சுவரிலிருந்து சாமி படம் வரைக்கும் கறுப்பாக ஒரு கயிறு போட்ட மாதிரி சாரை. இலையில் பொங்கலே தெரியவில்லை. பெட்டிகளுக்குள்ளும் அதேதான். உயிரோடு இருக்கிற எறும்பு, காய்ந்த எறும்பைத் துண்டு துண்டாகக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தது. தலை ஒரு வாயில், வயிறு ஒரு வாயில். தக்கையில் ஊசிகள் நட்டபடி நின்றன. அவற்றில் முக்கோணக் காகிதம், காகித நுனியில் பசை. எறும்பு இல்லை.

செல்வாம்பாள் மடியிலிருந்து, முசே கொடுத்துவைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டாள். ஒரு பெட்டியைத்தான் பார்த்தாள். மற்றதையெல்லாம் பார்க்கவே இல்லை. ஊசி ஊசியாகப் பார்த்தாள். கடைசி ஊசியில் கண்ணாடியை வைத்து நிறுத்தினாள். நானும் குனிந்து பார்த்தேன். பசையில் மயிர் மாதிரி ஒரு கால் ஒட்டிக்கொண்டிருந்தது. தேன் நிறம்.

கன்னியப்பன் குளித்து, பட்டையாக விபூதி பூசி நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தை நான் என்னவென்று சொல்வேன்? குழந்தை பிறந்த அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் இப்போதுதான் பார்த்தேன்.

“செல்வா, பாத்தியா? வந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்க அவங்க ஆளுங்கள எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நான் மூடிய மட்டுந்தான் தொறந்தேன். தீந்துச்சி. எல்லாம் தீந்துச்சி.”

“யாரு வந்து எடுத்துக்கிட்டுப் போனது?”

“அதுங்கதான். தெருவே பாத்துச்சி. இவ்ளோ நாளு ஏறாதது எப்புடி ஏறுச்சி சொல்லு. மன்னிச்சிடுச்சிங்க.”

“தண்ணி டின்னுலேந்து நீ எறக்குன. வெல்லம் வெச்ச. ஏறுச்சி.”

“நீ அப்புடிப் பாக்காத செல்வா.”

“தையலயுமா எடுத்துக்கிட்டுப் போனாங்க?”

அந்த வீட்டில் அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து அத்தனை நாள் கழித்து வருகிறது. அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“அதுவும் போவட்டும் செல்வா. அது போனாத்தான் நம்ம புள்ள திரும்பி வரும். இந்தத் தை மாசத்துக்குள்ள ஒனக்கு நிக்கும் பாரு. பொண்ணா இருந்தா அதே பேரே வெப்போம். நானே வெக்கறேன்.”

“அவ போயிட்டா,” என்றாள் செல்வாம்பாள். “திரும்பி வர்றதுக்கு அவ மில்லுக்கா போயிருக்கா? பேருதான் இருந்துச்சி. அதையும் வெல்லம் வெச்சித் தின்னக் குடுத்துட்ட. குடுத்துட்டுச் சிரிக்கற.”

“நான் வேணும்னு பண்ணலடி!”

“தெரியும். வேணும்னு பண்ணியிருந்தா சண்ட போட்டுட்டு இங்கயே கெடப்பேன். நீ சந்தோசமா இருக்கற. ஒன் சந்தோசத்துக்குப் பக்கத்துல என்னால படுக்க முடியாது.”

அவள் உள்ளே போய் இரண்டு புடவையை எடுத்துப் பையில் வைத்தாள். பூதக்கண்ணாடியைப் பத்திரமாக ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினாள். அது முசேயுடையது. காலியான பெட்டிகளை ஒவ்வொன்றாக ஊதி, ஏறியிருந்த எறும்புகளைத் தட்டிவிட்டு, மழைத்தாளில் சுற்றிக் கட்டினாள். கன்னியப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோபம் தணிந்தால் வந்துவிடுவாள் என்று நினைத்தான். அவன் நினைப்பு எனக்குத் தெரியும், அவனை நான் பெற்றேன்.

“எங்கம்மா போற?” என்றேன்.

“ஆஸ்பத்திரிக்கு. முசேகிட்ட நாந்தான் சொல்லணும் அத்த. வேற யாரும் போயிச் சொல்லிடக் கூடாது.”

“சொல்லிட்டு வந்துடு.”

“வரமாட்டேன்.”

“மூச்சு இழுக்கற மனுசன்கிட்ட இதப் போயிச் சொல்லணுமா? செத்துப்போயிடப் போறாரு.”

“சொல்லாம இருந்தா பாரிசுக்குப் போயிடுச்சின்னு நெனைச்சிக்கிட்டுச் சாவாரு. அதவிட இது தேவல.” கட்டின முடிச்சை இறுக்கினாள். “எனக்குத்தான் தெரியல அத்த. எது தேவலன்னு. ஆனா பொய் சொல்ல வரல.”

என்னைத் தொட்டுக் கும்பிட வந்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். விடு என்று அவள் சொல்லவில்லை. நானாகத்தான் விட்டேன். ஏன் விட்டாய் என்று என் மகன் இன்று வரைக்கும் கேட்கிறான். அவளைப் பிடித்துவைத்து, தினமும் ஒருவன் சந்தோஷத்தையும் ஒருத்தி துக்கத்தையும் ஒரே கூடத்தில் பார்க்க எனக்கும் தெம்பில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தனக்கொடி தலைகீழாக நின்றாலும் சொல்லமாட்டேன்.

வாசற்படியில் தனக்கொடி குறுக்கே வந்தாள். “பூச மறுநாளு, வூட்டுப் பொம்பள பையத் தூக்கிக்கிட்டு வெளிய போவக் கூடாதுடி. மகாலச்சுமி போன மாதிரி.”

“வழிய வுடு தனக்கொடிக்கா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தனக்கொடி வழியை விட்டாள்.

மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டிகளை இடுப்பில் குழந்தையை வைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டு, இன்னொரு கையில் பையோடு, தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். வேகமாகவும் நடக்கவில்லை. தெருவில் அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்த்தவர்கள்தான் இன்றைக்கு ஓடினாள் என்கிறார்கள்.

உள்ளே கன்னியப்பன் பொங்கல் பானையிலிருந்து எறும்பு ஏறாத பாகமாக எடுத்து, கிழித்த இலையில் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்க ஆரம்பித்திருந்தான். எனக்கும் ஒரு இலையை நீட்டினான். நான் வாங்கவில்லை. அவன் அந்த இலையோடு வாசலுக்கு வந்து, தெருமுனையைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டான்.

“செல்வா! பிரசாதத்த வாங்கிக்கிட்டாவது போ!”